வேலைக்குப் போகும் தாயும் தானே பொங்கும் மாவும்



விடியற்காலை நான்கு மணி. லயத்தில் எல்லா வீடுகளும் இருண்டு கிடக்கின்றன. ஒரே ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு தாய் நிற்கிறாள். ஐந்தரைக்குள் பெரட்டுக் களத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே சோறு வடிக்க வேண்டும்; குழம்பு வைக்க வேண்டும்; பிள்ளைகள் பசியாற ஏதாவது செய்து மூடிவைக்க வேண்டும். நேரம் போதவில்லை. "கடையில் ரொட்டி வாங்கிக்கொள்" என்று தூங்கும் மகனின் தலைமாட்டில் இரண்டு வெள்ளியை வைத்துவிட்டுக் கிளம்புகிறாள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதன்று. குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த நாம், நம் தாயிடம் கண்டது இது. பின்னர் நாமே பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனபோதும் கண்டது இதுதான். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. கூலாயிலும் பாசிர் கூடாங்கிலும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய்மார்கள் பலர். வேலை மாறியதே தவிர, விடியற்காலை அவசரம் மாறவில்லை.

வேலைக்குப் போகும் தாய் வீட்டிலேயே ரொட்டியும் பன்னும் கேக்கும் செய்ய முடியுமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "சோறாக்கவே நேரமில்லை, இதில் ரொட்டி வேறா?" என்று நீங்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நேரமில்லாதவர்களுக்கு ஏற்ற சமையல் இது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. நம் கை செய்ய வேண்டிய வேலை கொஞ்சம். மாவு தானே செய்துகொள்ளும் வேலை அதிகம்.

முதலில், விடியற்காலையில் ஏன் பால் வெட்டுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இரவில் மரத்தின் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கிறது. அந்த வேளையில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்க, அழுத்தம் குறைந்து, பாலும் குறைகிறது. ஆகவே அந்த அவசரம் கங்காணியோ தண்டலோ ஏற்படுத்தியது மட்டுமன்று. மரத்தின் இயற்கையும் அப்படித்தான். மரத்தின் நேரத்தை மாற்ற நம்மால் முடியாது. அடுப்பின் நேரத்தை மாற்றலாம்.

எப்படி மாற்றுவது? அதற்கும் பால்மரமே பாடம் சொல்கிறது. மங்கில் மிஞ்சிய பாலை எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகிறது? மறுநாள் போய்ப் பார்த்தால் கட்டிப்பாலாக உறைந்து கிடக்கிறது; புளித்த வாடையும் அடிக்கிறது. யாரும் அதில் எதையும் ஊற்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரைப் பொருளை உண்டு, புளிப்பை உண்டாக்கியிருக்கின்றன. அந்தப் புளிப்பில் பால் திரண்டுவிட்டது. ஆலையில் பார்மிக் அமிலம் ஊற்றிச் செய்யும் வேலையை, மங்குக்குள் இந்தச் சிற்றுயிர்கள் கூலி கேட்காமல் செய்துவிடுகின்றன. பால் திரவமாகவே இருக்க வேண்டுமென்றால் அதில் அம்மோனியா சேர்ப்பதும் இதைத் தடுப்பதற்காகத்தான்.

இதே வேலைதான் நம் வீட்டு மாவுப்பானையிலும் நடக்கிறது. அரிசியையும் உளுந்தையும் ஆட்டி வைத்துவிட்டுப் படுக்கிறோம். இரவெல்லாம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. புளிப்பும் காற்றும் உண்டாகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. காலையில் மாவு பொங்கி நிற்கிறது. புளிப்பது உயிருள்ளவை செய்யும் வேலை என்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பெயரும் காரணமும் தெரியாவிட்டாலும், அந்த உயிர்களிடம் வேலை வாங்கும் கலையை நம் பாட்டிமார் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

இதில் ஜொகூர் வாசிகளான நமக்கு ஒரு வசதியும் உண்டு. குளிர் நாடுகளில் மாவு பொங்குவதற்கு வெதுவெதுப்பான இடம் தேடி அலைய வேண்டும். இங்கே பகலில் முப்பது டிகிரி வெப்பம் சாதாரணம். இரவிலும் இருபத்து மூன்று, இருபத்து நான்குக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. மாவைப் பொங்க வைக்கும் உயிர்களுக்கு இது மிகவும் பிடித்த தட்பவெப்பம். அடுப்படியின் ஒரு மூலையே போதும்.

இனி ரொட்டிக்கு வருவோம்.

நம் வீட்டில் முதன்முதலாக ரொட்டி செய்த கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கோதுமை மாவு, சீனி, உப்பு, ஈஸ்ட் எல்லாம் வாங்கியாயிற்று. வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் பொங்கும் என்று நினைத்து, கொதிக்கும் நீரையே ஊற்றினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று; மாவு அசையவே இல்லை. விடாமல் அதைச் சுட்டும் எடுத்தோம். பிள்ளைகள் அதை மேசைமேல் தட்டிப் பார்த்து, "அம்மா, செங்கல்!" என்றார்கள். அன்று செங்கல்லைக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டோம்.

தவறு எங்கே நடந்தது? ஈஸ்ட் என்பது உப்பையும் சீனியையும் போன்ற பொருளன்று. அது உயிர். கண்ணுக்குத் தெரியாத காளான் வகை. கடைகளில் மணல்போல் உலர்ந்த நிலையில் சிறு பொட்டலங்களில் விற்பார்கள். மலாயில் 'யிஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். உலர்ந்திருக்கும்போது அது தூங்குகிறது. ஈரமும் மாவும் கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு காற்றை வெளியிடுகிறது. ஏறத்தாழ அறுபது டிகிரிக்கு மேல் சூடு போனால் செத்துவிடுகிறது. நாம் கொதிநீரை ஊற்றிக் கொன்றுவிட்டு, பொங்கவில்லையே என்று காத்திருந்தோம். விரலை விட்டால் சுடாத நீரே ஈஸ்ட்டுக்குப் போதும். நம் ஊர்ச் சூட்டில் குழாய் நீரே போதும்.

காற்று உண்டானால் மட்டும் போதாது. அதைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். தோசை மாவில் உளுந்து செய்யும் வேலையை ரொட்டியில் கோதுமையின் பசை செய்கிறது. கோதுமை மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதம் பசையாகி, ரப்பர்போல் இழுபடும் வலை ஒன்றைப் பின்னுகிறது. ஈஸ்ட் விடும் காற்று அந்த வலைக்குள் சிக்கி, ஆயிரக்கணக்கான சிறு பலூன்களாக ஊதுகிறது. ரொட்டியை வெட்டினால் தெரியும் துளைகள் அந்தப் பலூன்களின் அடையாளங்களே. அரிசி மாவிலும் மரவள்ளி மாவிலும் இந்தப் பசை இல்லை. அதனால்தான் அவற்றில் ரொட்டி உப்புவதில்லை.

அந்த வலையைப் பின்னுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதினைந்து நிமிடம் கை வலிக்கப் பிசைவது. மற்றொன்று, பிசையாமல் நீண்ட நேரம் விட்டுவிடுவது. ஈர மாவை ஏழெட்டு மணி நேரம் விட்டுவைத்தால் வலை தானே பின்னிக்கொள்கிறது. வேலைக்குப் போகும் தாய்க்கு ஏற்றது இந்த இரண்டாவது வழிதான். அதைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

அரைக்கிலோ கோதுமை மாவை ஒரு பெரிய பாத்திரத்தில் போடுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்துக் கலக்குங்கள். கால் தேக்கரண்டிதான், கூடினால் மாவு சீக்கிரம் புளித்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெயும், முந்நூற்று இருபத்தைந்து மில்லி குழாய் நீரும் ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாதவரை கரண்டியால் கிளறுங்கள். பிசைய வேண்டாம். மாவு இரண்டு மடங்குக்கு மேல் பொங்கும், ஆகவே பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். மூடிபோட்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைத்துவிடுங்கள், எறும்பு ஏறாது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். விடியற்காலை நாலரைக்குக் கலந்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகலாம்.

நீங்கள் நிரையில் மரம் வெட்டும்போதும், பால் எடுக்கும்போதும், காண்டா வாளியைச் சுமந்து நடக்கும்போதும், அங்கே அடுப்படியில் மாவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வீடு திரும்பி மூடியைத் திறந்தால் குமிழி விட்டுப் பொங்கி நிற்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை அமுக்கிக் காற்றை விட்டு, பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டுங்கள். குளித்துவிட்டு வரும் நேரத்தில், முப்பது நாற்பது நிமிடத்தில், அவை மறுபடி பொங்கியிருக்கும். பிறகு சுட்டெடுக்க வேண்டியதுதான்.

பால்வெட்டுக்குப் போகாமல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு நேரம் வேறு. அவர்களுக்கு ஐஸ் பெட்டி துணை. குளிரில் ஈஸ்ட் சாவதில்லை; சோம்பிவிடுகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பின் மாவைக் கலந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிடுங்கள். மறுநாள் மாலையிலோ அதற்கு அடுத்த நாளிலோ எடுத்துச் சுடலாம். மேலதிக நேர வேலை வந்து சுட முடியாமல் போனாலும் மாவு காத்திருக்கும். மெதுவாகப் பொங்கிய ரொட்டிக்கு மணமும் கூடுதல்.

"எல்லாம் சரி, எங்கள் வீட்டில் ஓவன் இல்லையே" என்பீர்கள். நம் நாட்டில் ஓவன் இல்லாமலேயே பலகாரம் சுட்ட கைகள் நிறைய உண்டு. பக்கத்துக் கம்பத்து மலாய்த் தாய்மார்கள் குவே பஹுலு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பூப்போன்ற குழிகள் உள்ள பித்தளை அச்சில் மாவை ஊற்றி, கீழேயும் நெருப்பு, மூடியின் மேலேயும் நெருப்பு வைத்துச் சுடுவார்கள். ஓவன் என்பதன் இரகசியமே அதுதான்: ஒரு பக்கத்துச் சூடாக இல்லாமல் எல்லாப் பக்கமும் சூடு சூழ வேண்டும்.

ஜொகூர் பாருவில் ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ என்னும் பழைய ரொட்டிக்கடை இருக்கிறது. 1919இல் தொடங்கப்பட்ட அக்கடை, விறகு எரிக்கும் செங்கல் அடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்குக்குப் பெயர் பெற்றது. அத்தகைய அடுப்பில் முதலில் விறகை எரித்துச் செங்கல்லைச் சூடேற்றுவார்கள். பிறகு செங்கல் சேர்த்துவைத்த சூடே ரொட்டியை வேகவைக்கிறது. அதிகச் சூட்டில் ரொட்டியும், சூடு தணியத் தணியக் கேக்கும் சுடலாம். தடித்த பொருள் சூட்டைச் சேமித்து மெல்ல மெல்லக் கொடுக்கும். நம் வீட்டில் இருக்கும் கனத்த சட்டியும் அந்த வேலையைச் செய்யும்.

அடி தடித்த இரும்புச் சட்டி அல்லது அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கம்பி வளையத்தையோ தட்டு வைக்கும் முக்காலியையோ போடுங்கள். மூடிபோட்டுப் பத்து நிமிடம் அளவான தீயில் காயவிடுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் பன் உருண்டைகளை அடுக்கி அதற்குள் இறக்கி, மூடி, சிறு தீயில் அரைமணி நேரம் விடுங்கள். அடி சிவந்துவிடும், மேற்பக்கம் வெளுத்திருக்கும். கடைசியில் தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டு இரண்டு நிமிடம் வாட்டினால் அதுவும் சிவந்துவிடும். ஒட்டாத பூச்சு உள்ள சட்டியை இப்படி வெறுமையாகக் காயவைக்காதீர்கள். பூச்சு கெட்டுப் புகையும்.

இதைவிட எளிய வழி, இட்டிலிச் சட்டி. அதே மாவு உருண்டைகளை எண்ணெய் தடவிய தட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால், சீனர் கடைகளில் விற்கும் பாவ்போல் வெள்ளையாக, மெத்தென்று வரும். ஆவியில் வெந்தது ஏன் சிவப்பதில்லை தெரியுமா? ஆவியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. மாவு சிவந்து மணப்பதற்கோ நூற்று நாற்பது டிகிரி அளவுக்குச் சூடும் உலர்ந்த மேற்பரப்பும் வேண்டும். குளுவாங் இரயில் நிலையக் காப்பிக்கடையில் கரி நெருப்பில் வாட்டித் தரும் ரொட்டியின் மணம் அதனால் உண்டாவதே.

கரி நெருப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரி அடுப்பைக் கதவும் சன்னலும் சாத்திய அறைக்குள் ஒருபோதும் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். மழை நாளானாலும் கரி அடுப்பு திறந்த வெளித் தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும்.

ரொட்டி வெந்ததும் பிள்ளைகள் பிய்க்க ஓடிவருவார்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா? இறக்கிய பின்னும் உள்ளே ஆவி அடங்கி மாவு கெட்டிப்பட அரைமணி நேரம் ஆகும். சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல் ஒட்டும்.

அடுத்து, கேக். ஈஸ்ட்டுக்குக் காத்திருக்க முடியாத நாளில் கைகொடுப்பது பேக்கிங் பவுடர். இது உயிரன்று, சோடாவும் அதற்கு எதிரான புளிப்புப் பொடியும் சேர்ந்த கலவை. ஈரமும் சூடும் பட்டதும் இரண்டும் கூடிக் காற்றை விடுகின்றன. இங்கிலாந்தில் 1843ஆம் ஆண்டில் ஆல்பிரட் பேர்ட் என்னும் மருந்துக்கடைக்காரர் ஒருவகைப் பேக்கிங் பவுடரைச் செய்தார். ஈஸ்ட் சேர்ந்த ரொட்டி அவருடைய மனைவியின் உடலுக்கு ஒத்துக்கொள்ளாததே அதற்குக் காரணம். மனைவியின் சாப்பாட்டுத் தட்டை நினைத்த ஒரு கணவரால் உலகத்துக்கே ஒரு வசதி வந்தது! இதை வீட்டு ஆண்மக்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

தோட்டத்து வீட்டுக் கொல்லையில் வாழைக்குப் பஞ்சமில்லை. தோல் கறுத்து, யாரும் தொடாமல் கிடக்கும் பழம்தான் கேக்குக்கு உயர்ந்தது. பழுக்கப் பழுக்க வாழையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது; ஆகவே தனியாகப் போடும் சீனியைக் குறைக்கலாம். மூன்று பெரிய பழங்களைப் பிசைந்து, இரண்டு முட்டை, எண்பது மில்லி எண்ணெய், எண்பது கிராம் சீனி சேர்த்து அடியுங்கள். இருநூறு கிராம் கோதுமை மாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து சலித்து, அதில் போட்டு இலேசாகக் கிளறுங்கள். இங்கே அதிகம் கிளறக்கூடாது. ரொட்டிக்கு நன்மை செய்த அந்த ரப்பர் வலை, கேக்கில் பின்னிவிட்டால் கேக் இழுவையாகிவிடும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, இட்டிலிச் சட்டியில் நாற்பது நிமிடம் வேகவையுங்கள். மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டால் ஆவி நீர் கேக்கின் மேல் சொட்டாது. ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? சமையல் எண்ணெய்ப் போத்தலிலும் மார்ஜரின் டப்பாவிலும் இருப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். நம் மக்கள் வெட்டிய குலைகளே போத்தலாகவும் டப்பாவாகவும் நம் அடுப்படிக்குத் திரும்பி வருகின்றன.

நேயர்களே, இவ்வளவு பாடுபட்டு வீட்டில் செய்வதால் என்ன பயன்? காசு மிச்சம் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயன், உள்ளே என்ன போகிறது என்பது நம் கையில் இருப்பது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொன்றது. கால் வீங்கும்; நரம்பு தளரும்; இதயம் நிற்கும். தீட்டிய வெள்ளையரிசி உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. இதைக் கவனித்த பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் ஒரு நூலே எழுதினார். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும், 1909இல் நெகிரி செம்பிலானில் சாலை போடும் தொழிலாளர்களிடம் செய்த ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். தீட்டிய அரிசி உண்டவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களுக்கு வரவில்லை. நெல்லை அவித்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதைக் கண்டறிய மருத்துவர்களுக்கு ஆண்டுகள் பல பிடித்தன. நம் பாட்டிமாரோ பழக்கத்தால் பிழைத்தார்கள்.

வெள்ளைக் கோதுமை மாவும் தீட்டிய அரிசிக்கு உறவுதான். தவிடும் முளையும் நீங்கியது. ஆகவே ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டா மாவு கலந்துகொள்ளுங்கள். நீரைச் சற்றே கூட்டுங்கள். பன்னுக்குள் சீனித் தேங்காய் வைப்பதற்குப் பதிலாக உருளைக்கிழங்கு மசாலா, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, கடலைக் குழம்பின் கெட்டி என்று வையுங்கள். பிள்ளைகளுக்குப் பத்து மணிவரை பசி தாங்கும்.

சீனியைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்நோய் இன்னும் அதிகம். கால் புண் ஆறாமல் விரலை இழந்தவர், கண் மங்கியவர், சிறுநீரகம் கெட்டு வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று நம் உறவிலேயே யாராவது இருப்பார்கள். ஒருவர் ஒருநாளில் தனியாகச் சேர்க்கும் சீனி ஐம்பது கிராமுக்குக் குறைவாகவும், முடிந்தால் இருபத்தைந்து கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இருபத்தைந்து கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. இதில் தேநீரில் ஊற்றும் டின்பாலின் சீனியும் சேரும். கடைப் பலகாரத்தில் எத்தனை கரண்டி என்று நமக்குத் தெரியாது. வீட்டில் போடும் கரண்டி நம் கையில் இருக்கிறது.

நம் ஊர்ச் சூடு மாவைப் பொங்க வைப்பதுபோலவே உணவைக் கெடுக்கவும் செய்யும். தேங்காய்ப்பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவற்றைச் சமைத்தபின் நான்கு மணி நேரத்துக்குமேல் வெளியே விடாதீர்கள். கறி வைத்த பன்னைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பதானால், காலையில் நன்றாகச் சூடாக்கிக் கட்டுங்கள். முதல் இடைவேளையிலேயே சாப்பிடச் சொல்லுங்கள். மிஞ்சும் வெறும் பன்களை அன்றே உறைபெட்டியில் வைத்துவிட்டால் வாரம் முழுவதும் வரும். விடியற்காலை ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் புதிது போலாகும்.

கடைசியாக, வீட்டார் எல்லாரிடமும் ஒரு வார்த்தை. வீட்டு ரொட்டி நல்லது என்று நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, நாளை முதல் அம்மா இதையும் செய்யட்டும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. தாயின் தூக்கத்தைத் திருடிச் செய்யும் ரொட்டி, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், தொண்டையில் இறங்காது. மாவு தானே பொங்கும். பாத்திரம் தானே கழுவிக்கொள்ளாது. மாவை அளந்து கலக்கப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். உருண்டை பிடிக்க ஆண்பிள்ளையின் கைக்கும் வரும். அடுப்பைப் பார்த்துக்கொள்ள அப்பாவால் முடியும். வாரத்துக்கு ஒரு நாள், ஓய்வு நாளில், எல்லாரும் கூடி ஒரு மணி நேரம் கைகொடுத்தால் வாரத்துக்கான பன் முடிந்துவிடும்.

நம் வீட்டில் அன்று செங்கல் என்று கேலி செய்த மகன்தான் இன்று மாவு கலக்கி வைப்பவன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கரண்டியால் கிண்டி மூடிவைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் போய்ப் படுங்கள், இனி அது பார்த்துக்கொள்ளும்" என்பான்.

உங்கள் வீட்டிலும் இந்த வாரம் கால் தேக்கரண்டி ஈஸ்ட்டோடு தொடங்கிப் பாருங்கள். முதல் முறை கல்லாகிப் போனால் கவலைப்படாதீர்கள். நீர் சூடாக இருந்ததா, ஈஸ்ட் பழையதா, நேரம் போதவில்லையா என்று பாருங்கள். இரண்டாம் முறை நிச்சயம் பொங்கும்.